பிரான்சு நாட்டுச் சரளைப் பாதைகள்

(பத்தாம் வகுப்பு)

பிரான்சு நாடு என்றதும் பாரிஸ் மாநகரமும், ஐபல் கோபுரமும், 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமும் நம் நினைவிற்கு வரும். அப்பந்தய வீரர்கள் வழவழப்பான தார்ச்சாலையில் காற்றெனப் பறப்பர். அவர்கள் வரும் நாளில் காவலர்கள் சாலையை மூடி, மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவர். ஆனால், பந்தயம் எதிலும் சேராத ஒரு பாட்டியோ, பத்து வயதுச் சிறுமியோ அந்நாட்டுக் கிராமப்புறத்தில் மிதிவண்டி ஓட்ட விரும்பினால், அவர்களுக்காக யார் சாலையை மூடுவார்கள்? மூடவேண்டிய தேவையே இல்லாத பாதைகள் அங்கே உண்டு. லாரி, கார், மோட்டார் சைக்கிள் எதுவும் வராத, சரளை பரப்பிய பாதைகள் அவை. அவை எப்படித் தோன்றின, எதனால் நிலைத்து நிற்கின்றன என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

இந்தப் பொருள் நமக்கு அயலானது அன்று. நம்மில் பலர் பள்ளிக்கு மிதிவண்டியில் வருகிறவர்கள். பின்னால் லாரி ஒலி எழுப்பினால் நாம் என்ன செய்கிறோம்? சாலையை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்று, அது போன பின்பு மீண்டும் ஏறுகிறோம். "பெண்ணைத் தனியே சைக்கிளில் அனுப்பலாமா?" என்று வீட்டில் பேச்சு எழும்போது, பெற்றோர் அஞ்சுவது சைக்கிளைக் கண்டு அல்ல, சாலையைக் கண்டே.

மோட்டார் வண்டிகள் இல்லாத பாதைக்குப் பிரெஞ்சு மொழியில் 'வ்வா வெர்த்' என்று பெயர். பசுமை வழி என்பது பொருள். இது வெறும் அழகுப் பெயர் அன்று, சட்டப் பெயர். 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் வெளியான அரசாணை ஒன்று இதனைச் சாலை விதித் தொகுப்பில் சேர்த்தது. மோட்டார் பொருத்தாத வண்டிகள், நடந்து செல்வோர், குதிரை ஏறிச் செல்வோர் ஆகியோருக்கு மட்டுமே உரிய வழி என்று அது வரையறுக்கிறது. மிதித்தால் மட்டும் உதவும் சிறு மின்விசை பூட்டிய மிதிவண்டியும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் அவ்விசை நின்றுவிடுமானால், மிதிவண்டியாகவே கருதப்படும். முழங்கால் வலியுள்ள முதியவர்கள் பலர் இன்று அதில்தான் வருகின்றனர். மொபெட்டுக்கு இடமில்லை.

சரி, இத்தனை நீளமான வெற்று வழிகள் எங்கிருந்து கிடைத்தன? புதிதாக நிலம் வாங்கி அமைப்பதென்றால் எந்த ஊராட்சியாலும் இயலாது. உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை பழைய வழிகளே. ஒன்று, படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துச் சென்ற கால்வாய்க்கரை. மற்றொன்று, இரயில் நின்றுபோன இருப்புப்பாதை. மிதிவண்டியை எண்ணி அமைக்காதபோதும், மிதிவண்டிக்கு ஏற்ற வழியாக அவை அமைந்துவிட்டன! கால்வாயில் நீர் மட்டமாக நிற்கவேண்டும்; ஆகவே கரையும் மட்டமாக இருக்கிறது. நீராவி எஞ்சினோ செங்குத்தான மேட்டில் ஏறாது. நூறு மீட்டர் தூரத்திற்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உயராதபடி, மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாலம் கட்டியும் பொறியாளர்கள் இருப்புப்பாதையை இட்டுச் சென்றனர். மேடு கண்டால் மூச்சு வாங்கும் நம்மைப் போன்றோருக்கு அவர்கள் செய்த உதவி இது. அவர்களுக்கு நம் நினைவு இருந்திருக்க வழியில்லை.

1879-இல் பிரான்சின் பொதுப்பணி அமைச்சராக இருந்த பிரேசினே என்பவர், நாட்டின் சிறு நகரங்களையும் இருப்புப்பாதையால் இணைக்கும் பெருந்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பஸ்ஸும் லாரியும் பெருகிய பின்பு இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சிறு பாதைகள் பல மூடப்பட்டன. தண்டவாளத்தைக் கழற்றினார்கள். இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான வேறுபாடு பிறந்தது. சில இடங்களில் பாதை கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஒருவர் அதில் கொட்டகை போட்டார். மற்றொருவர் சோளம் விதைத்தார். அங்கே வழி முடிந்தது. வேறு சில இடங்களில் மாவட்ட ஆட்சியோ ஊராட்சியோ அந்த நிலத்தை ஒரே நீளமாக, அறுபடாமல் தன் கையில் வைத்துக்கொண்டது. பிறகு பத்து ஆண்டுகள் முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தாலும் கவலையில்லை. நீளம் அறுபடவில்லை அல்லவா? அதுதான் செல்வம். நடுவில் நூறு மீட்டர் போனாலும், மீதி நாற்பது கிலோமீட்டரும் பாதிப் பயன் இழந்துவிடும். ஏனெனில் அந்த நூறு மீட்டருக்காகச் சிறுமி கார்ச்சாலைக்கு வந்தாகவேண்டும்.

பிரான்சின் முதல் பசுமை வழி 1997-இல் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊருக்கும் குளுனி என்ற ஊருக்கும் இடையே, பழைய இருப்புப்பாதையின் மேல் திறக்கப்பட்டது. நீளம் 44 கிலோமீட்டர். குளுனி என்ற பெயர் திருச்சபை வரலாறு படித்தோர்க்குப் புதிதன்று. 910-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய துறவு மடம் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தது. குளுனிக்குத் தெற்கே இவ்வழி 1,600 மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய இரயில் சுரங்கத்தினுள் நுழைகிறது. குளிர்காலத்தில் அச்சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் நம் தோழியர் சிரிப்பர். வௌவால்கள் உறங்குகின்றன! குளிர்காலம் முழுவதும் தலைகீழாய்த் தொங்கி உறங்கும் அவற்றை எழுப்பினால், சேமித்த கொழுப்பு கரைந்து, வசந்தம் வருமுன் இறந்துபோகும். ஆகையால் அந்த மாதங்களில் மனிதர்கள் மலைமேல் ஏறிச் சுற்றிப் போகிறார்கள்.

ஜிவ்ரி–குளுனி வழியில் தார் போட்டிருக்கிறார்கள். தெற்கே மசாமே என்ற ஊரிலிருந்து மலையடிவாரமாகப் பெதாரியே வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்லும் மற்றோர் இரயில் வழியில் பெரும்பகுதி சரளை. தாரா, சரளையா என்பது அந்நாட்டில் இன்றும் தீராத வழக்கு. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனெனில் சரளைப் பாதை என்றால் 'தார் போடப் பணமில்லாத பாதை' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்.

நல்ல சரளைப் பாதை வெறும் மண்பாதை அன்று. ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத்திற்கு மண்ணை வெட்டி எடுத்து, அடியில் பருமனான உடைகல் பரப்புவார்கள். மேலே சிறு ஜல்லி. அதன் மேல், கல்தூளோடு கலந்த பொடிச்சரளை. நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்குவார்கள். இதில் வேலை செய்வது கல்லைவிடக் கல்தூளே. அது கற்களின் இடுக்குகளில் புகுந்து, ஈரம் பட்டு இறுகி, சாணமிட்டு மெழுகிய முற்றம் போன்ற தரையைத் தருகிறது. தூள் குறைந்தால் கற்கள் உருளும், சக்கரம் வழுக்கும். கூடினால் மழையில் சேறாகும். பாதையின் நடுவைச் சற்றே உயர்த்தியோ, ஒரு பக்கம் சரித்தோ நீர் வடிய வழி செய்யவேண்டும். நீர் ஓர் இடத்தில் ஒருமுறை தேங்கினால் போதும். அடுத்து வரும் சக்கரங்கள் அங்கே குழி பறிக்கும், குழியில் மேலும் நீர் தேங்கும். எனவே ஆண்டுதோறும் இலை அள்ளி, வடிகால் சீர் செய்து, குழிக்குக் கல்தூள் இடும் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் மூன்று நான்கு மழைக்காலத்தில் பாதை கெட்டுவிடும்.

தார் விரும்புவோர் சொல்வது இது: சக்கர நாற்காலியும், குழந்தை வண்டியும், சக்கரக் காலணியும் தாரில்தான் எளிதாய் ஓடும், மழையிலும் உடை அழுக்காகாது. சரளை விரும்புவோர் மறுமொழி: குதிரையின் குளம்புக்கும் நடப்பவரின் முழங்காலுக்கும் சரளை இதமானது, மழைநீரைக் கொஞ்சம் உள்ளே விடும், வெயிலில் தார் போல் கொதிக்காது, எல்லாவற்றிற்கும் மேலாக, சரளையில் ஒருவரும் மிக வேகமாய்ப் போகமாட்டார். எங்களுக்கு இந்தக் கடைசிக் காரணமே பெரிதாகப் படுகிறது. கார் இல்லாத பாதையில் சிறு குழந்தைக்கு அச்சம் தருவது, தலையைக் குனிந்துகொண்டு அம்பாய் வரும் மிதிவண்டிக்காரர் அல்லவா? ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் போய் 'சரளைதான் அழகு' என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஊரை ஒட்டிய சில கிலோமீட்டருக்குத் தாரும், அப்பால் சரளையும் இட்டால் இருவர்க்கும் நன்று என்பது எங்கள் எண்ணம்.

சரளைக்கு ஏற்ற வண்டியும் இப்போது தனியே விற்கிறார்கள். பந்தய வண்டியின் டயர் அகலம் 25 முதல் 28 மில்லிமீட்டர் என்றால், இதற்கு 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். காற்றையும் சற்றுக் குறைவாகவே அடிப்பார்கள். டயர் கல்லின் மேல் குதிக்காமல் அதை அணைத்துக்கொண்டு போகும். ஆயினும் நன்றாக இறுகிய கால்வாய்க்கரையில் சாதாரண வண்டியே போதும். முன்கூடையில் ரொட்டி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் கிழவிக்கு 40 மில்லிமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு?

கால்வாய் என்றதும் தெற்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும் 'மிதி கால்வாய்' முதலில் நினைவிற்கு வரும். ('மிதி' என்றால் பிரெஞ்சில் தெற்கு, மிதிவண்டிக்கும் அதற்கும் உறவில்லை!) பியேர்-போல் ரிக்கே என்பவர் முன்னின்று 1666-இல் தொடங்கியது, 1681-இல் முடிந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். நீளம் 240 கிலோமீட்டர். வேலையாட்களில் மண் சுமந்த பெண்களும் இருந்தனர். 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இதன் கரைகளில் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்து நின்றன. 2006-இல் ஒருவகைப் பூஞ்சை நோய் அம்மரங்களில் கண்டறியப்பட்டது. மருந்தில்லை. நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதே வழி. ஆயிரக்கணக்கான மரங்கள் இவ்வாறு போயின. இப்போது வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள். பாதையின் மேல் முண்டும் முடிச்சுமாய் எழும்பி நின்று மிதிவண்டியைத் துள்ளவைக்கும் அந்த வேர்கள்தாம், கரை சரியாமல் பிடித்துக்கொண்டும் இருந்தன.

எனினும், நாங்கள் படித்தவற்றுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தது வடமேற்கே பிரிட்டனிப் பகுதியில் உள்ள நாந்த்–பிரெஸ்ட் கால்வாயே. நாந்த் ஒரு துறைமுக நகர். பிரெஸ்ட் பிரெஞ்சுக் கடற்படையின் தலைமைத் துறைமுகங்களுள் ஒன்று. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் பிரெஸ்ட்டைக் கடல்வழியே முற்றுகையிட்டன. உணவும் தளவாடமும் உள்ளே போகமுடியவில்லை. 'கடல் இல்லையென்றால் நிலத்தின் நடுவே நீர்வழி அமைப்போம்' என்று எண்ணி, 1811-இல் வேலையைத் தொடங்கினர். ஆறுகளை இணைத்து 364 கிலோமீட்டர் நீளம். முடிந்ததோ 1842-இல்! அதற்குள் நெப்போலியனும் இல்லை, போரும் இல்லை. 1865-இல் பிரெஸ்ட்டுக்கு இரயிலே வந்துவிட்டது. போருக்கென வெட்டிய கால்வாயில் பலகைக்கல்லும் சுண்ணாம்பும் உரமும் ஏற்றிய படகுகள் ஊர்ந்தன. குதிரை வாங்க வசதியில்லாத படகோட்டிக் குடும்பங்களில் கணவனும் மனைவியுமே மார்பில் பட்டை கட்டி, குனிந்தபடி படகை இழுத்தனர். இன்று நாம் சரளை என்று ரசிக்கும் பாதை, அவர்கள் கால் தேய நடந்த பாதை.

இக்கால்வாயில் 230-க்கும் மேற்பட்ட 'லாக்'குகள் உண்டு. இரு பெருங்கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ மேல்மட்டத்திற்கும் கீழ்மட்டத்திற்கும் கொண்டு செல்லும் கல்தொட்டிதான் லாக். ஒவ்வொரு லாக்கின் அருகிலும் காவலருக்கு ஒரு சிறு வீடு. பெண்களும் அப்பணியைச் செய்திருக்கின்றனர். அவ்வீடுகளுள் சில இன்று தேநீர் அருந்தவும் இரவு தங்கவும் பயன்படுகின்றன. மிதிவண்டியில் வருபவருக்கு லாக் என்றால் இரண்டு மூன்று மீட்டர் மேடு, மற்றபடி சமதரை.

நாந்த்தை விட்டதும் உடனே கால்வாய்க்கரை கிடைத்துவிடாது. அங்கே எர்த்ர் என்ற ஆறு ஏரிபோல் விரிந்து கிடக்கிறது. அதைக் கடந்து நோர் என்னும் ஊருக்கு அருகேதான் இழுபாதை ஆரம்பம். பிறகு பிளேன், ரெடோன், மாலெஸ்த்ருவா என்று ஊர்கள் வரும். ஜொஸ்லன் என்ற ஊரில் ஒரு கோட்டை தன் மூன்று வட்டக் கோபுரங்களையும் நீரில் நிழலாட விட்டு நிற்கிறது. ரொஆன் என்ற ஊருக்கும் பொந்திவிக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட லாக்குகள்! படிக்கட்டு போல ஒன்றன் மேல் ஒன்றாக நீர் ஏறி இறங்குகிறது. பொந்திவியில் நெப்போலியன் நேரான தெருக்களோடு புதுநகர் ஒன்றை அமைக்கச் செய்தான். அதற்குத் தன் பெயரையே சூட்டினார்கள்.

பொந்திவிக்கு அப்பால் கால்வாய் திடீரென மறைகிறது. 1923 முதல் 1930 வரை மின்சாரத்திற்காகக் கேர்லெதான் என்ற இடத்தில் அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கு நிரம்பியது. 17 லாக்குகளும், காவலர் வீடுகளும், படகு இழுத்த பாதையும் நீருக்குள் போயின. படகுகளைத் தூக்கிவிட ஏற்றம் அமைப்பதாகச் சொன்னார்கள், அமைக்கவில்லை. கால்வாய் இரண்டாய் அறுந்தது. 2015-இல் அணையைப் பழுதுபார்க்க ஏரியை வடித்தபோது, சேற்றின் நடுவே அந்த வீடுகளின் சுவர்களும் லாக்குகளும் வெளிப்பட, அவற்றைக் காண மக்கள் திரண்டனர். அப்படியானால் மிதிவண்டிக்காரர் என்ன செய்வது? கார்ச்சாலைக்குப் போகவேண்டாம். இங்கேதான் நாம் முன்பு கண்ட இரண்டாவது வகை வழி கைகொடுக்கிறது. கரே என்ற ஊரை மையமாகக் கொண்டு ஓடிய மீட்டர்கேஜ் இரயில்கள் 1967-இல் நின்றன. அவற்றுள் ஒன்றின் பாதை ஏரிக்கு மேலே மரங்களின் ஊடே செல்கிறது. நீர் விழுங்கிய வழிக்குப் பதிலாக இரயில் விட்டுச் சென்ற வழி! அதிலே சென்றால், 1184-இல் நிறுவப்பட்ட பொன்-ரெப்போ துறவு மடத்தின் அருகே மீண்டும் கால்வாய்க்கரையைச் சேரலாம். பொன்-ரெப்போ என்றால் 'நல்ல ஓய்வு'. அந்த மேட்டிலிருந்து இறங்கி வருவோர்க்குப் பொருத்தமான பெயர்தான்.

பின்னர் வருவது குளோமெல். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 184 மீட்டர்; கால்வாயின் உச்சி. இங்கே குன்றைப் பிளந்து சுமார் 3 கிலோமீட்டர் நீளத்திற்கு, இருபது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர்கள் யார்? பிரெஸ்ட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். 1823 முதல் 1832 வரை நூற்றுக்கணக்கானோர் முகாமிட்டு, மண்வெட்டியும் கூடையும் கொண்டு இதைத் தோண்டினர். நோயுற்று அங்கேயே மாண்டோரும் உண்டு. இன்று அந்த வெட்டின் இருபுறமும் மரங்கள் அடர்ந்து, நண்பகலிலும் பசுமை இருளாக இருக்கும். குடும்பம் குடும்பமாய் அதன் வழியே செல்கின்றனர். முன்னே தந்தை, பின்னே தாய், நடுவில் சிறுவர். ஒருவரும் "ஓரமாய் வா, ஓரமாய் வா" என்று கத்துவதில்லை. எங்கள் மனத்தில் அந்தக் கைதிகளும் இந்தச் சிறுவர்களும் சேர்ந்தே வருகிறார்கள்; பிரித்துப் பார்க்க இயலவில்லை.

ஆபத்து அறவே இல்லையா என்றால், உண்டு. பாதை கார்ச்சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களே அவை. மணிக்கணக்கில் வண்டியே காணாமல் வந்தவர், பழக்கத்தில் பாராமல் கடந்துவிடுவார். அதனால் அங்கெல்லாம் குறுக்குக் கட்டைகளும் கம்பங்களும் நட்டிருக்கிறார்கள். கார் நுழையக்கூடாது, சக்கர நாற்காலி நுழையவேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பது சில இடங்களில் தடுப்பைப் பார்த்தாலே புரியும். பின்னிருக்கையில் குழந்தையும் இருபுறமும் பையுமாக வரும் தாய் அங்கே இறங்கி, பையைக் கழற்றி, மறுபடி மாட்டவேண்டியிருக்கிறது.

கரேயைத் தாண்டினால் ஒல்ன் என்ற ஆற்றோடு சேர்ந்து, மேற்கு நோக்கி வளைந்து வளைந்து கரை செல்லும். நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதிப்பவர், நாந்த்திலிருந்து புறப்பட்ட ஏழாவது நாளில் ஷாத்தோலன் என்ற ஊரை அடைவர். அதை அடுத்துள்ள கடைசி லாக்கைத் தாண்டியதும் ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் தெரியத் தொடங்கும். படகுகள் அங்கிருந்து கடலின் நீரோட்டத்தில் பிரெஸ்ட் நோக்கிச் சென்றன. இழுக்க ஆள் தேவைப்படவில்லை. ஆகவே கரையில் பாதையும் போடவில்லை. பிரெஸ்ட் நகரைக் காணவேண்டும் என்பவர்கள் அவ்விடத்தில் சரளையை விட்டு ஏறி, லாரிகளும் கார்களும் செல்லும் சாலையில், ஓரமாகத்தான் போகவேண்டும்.